தோற்பதற்கென்றே ஒரு கட்டளை

பசறைக் கோயிலில் போன வாரம் விஜயலெட்சுமியின் மகள் மதுஷாவுக்குத் தாலி ஏறியதும், ஊர்வலத்தின் நடுவே மழை கொட்டி மேளக்காரர்கள் கடைக்குள் ஓடியதும் ஊருக்கே தெரியும். பந்தல் கழிகள் இன்னும் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் சுவரில் சாய்ந்தபடிதான் கிடக்கின்றன.

இன்றைக்கு மறுவீடு. மாப்பிள்ளை வீட்டார் ஹாலிஎலையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். சாப்பாடு முடிந்ததும் டிவியில் கல்யாணப் படங்கள் ஓட வேண்டும். அந்தப் பொறுப்பு யசோதினியுடையது.

யசோதினி இந்த வீட்டுக்கு மருமகள். மதுஷாவின் அண்ணன் விஜேந்திரன் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தவள். லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் பலகை அடித்து மறைத்த மூலையில் உட்கார்ந்து, கொழும்புக் கம்பனி ஒன்றின் கம்ப்யூட்டர்களை இங்கிருந்தே பார்த்துக்கொள்கிற உத்தியோகம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. அவள் கட்டளையைத் தட்டுவாள், எங்கேயோ ஒரு மெஷின் அதைச் செய்யும்.

மாமியார் விஜயலெட்சுமி அவளோடு நேருக்கு நேர் பேசியது குறைவு. "அரிசி ஊற வச்சாச்சான்னு கேளு" என்று பக்கத்தில் நிற்கிற மகனிடம் சொல்வாள். மகன் இல்லாவிட்டால் கோழியிடம் சொல்வாள்.

படங்கள் வந்த அன்றைக்கும் அப்படித்தான்.

"மறுவீடு முடியுற வரைக்கும் புள்ளை பேரப் போட்டு எங்கயும் வைக்க வேணாம்னு சொல்லு விஜி. கண்ணு படும். குப்பாயின்னு போட்டு வைக்கச் சொல்லு."

விஜேந்திரனுக்கும் மதுஷாவுக்கும் நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவள் பிறந்ததும் குப்பைமேட்டில் ஒரு நிமிடம் கிடத்தி, வேறொருத்தி கையால் எடுத்துக் குப்பாயி என்று கூப்பிட்டார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் நினைத்துப் போய்விடுவானாம். மதுஷா என்பது பள்ளிக்கூடத்துப் பெயர்.

யசோதினியும் படங்களைக் குப்பாயி என்ற பெயரிலேயே கம்ப்யூட்டரில் வைத்தாள். அங்கேதான் வினை.

வேலை பழகுவதற்காக அவள் உண்டாக்கி, பிறகு தூக்கிப் போடுகிற சில்லறைக் கோப்புறைகளுக்கெல்லாம் தோட்டத்துப் பட்டப்பெயர்களைத்தான் வைப்பாள். மொட்டையன், சப்பட்டை, ஓட்டைவாயன். இன்று விடிகாலையில் இடம் போதவில்லை என்று அவற்றைத் துடைக்க உட்கார்ந்தாள். மொட்டையன், சப்பட்டை, ஓட்டைவாயன், குப்பாயி. பெயரைப் பார்த்து இதுவும் அந்தக் கூட்டம்தான் என்று கையே முடிவு பண்ணிவிட்டது. நாலையும் ஒரே வரியில் அடித்து, தட்டிவிட்டாள்.

'ஆர்.எம்.' என்று இரண்டே எழுத்து. 'அகற்று' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அவள் கொடுத்த விதத்தில் அது 'நிச்சயமாகவா' என்று கேட்காது, முடித்துவிட்டேன் என்றும் சொல்லாது. அடுத்த வரியில் ஒரு கட்டம் கண்ணைச் சிமிட்டும். அவ்வளவுதான்.

அது சிமிட்டியது. அப்போதுதான் யசோதினிக்குக் குப்பாயி யாரென்று உறைத்தது.

படம் எடுத்த கஜேந்திரனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மதுஷா கல்யாணப் படம் கமராக் கார்டுல இருக்கும்தானே?"

"அதையெல்லாம் ஒனக்குக் குடுத்துட்டு அழிச்சிட்டேனே தங்கச்சி. அதே கார்டுலதான் இப்ப வெலிமடையில வேற பொண்ணு மாப்பிள்ளையைப் புடிச்சிக்கிட்டிருக்கேன். ஏன், எதுவும் சரியா வரலையா?"

"இல்லண்ணே. எல்லாம் ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அடுத்தது, கம்பனியில் அவளுக்கு மூத்தவரான பண்டாரவளை மபாஸ், அண்ணன் முறையில் அவள் 'நானா' என்று கூப்பிடுகிறவர். ஊழியத்தில் மட்டும் மூத்தவர் அல்ல, பதறாமல் இருப்பதிலும்.

"நானா, கல்யாணப் படத்தையெல்லாம் அழிச்சிட்டேன்."

"யாருட கல்யாணம்?"

"எங்க நாத்தனாரு."

"வேற கொப்பி இருக்கா?"

"இல்ல."

"மாமியாருக்குத் தெரியுமா?"

"இல்ல."

"அப்ப பெரிய கேஸ்தான்" என்றார் மபாஸ். "முதல்ல கைய எடுங்க. அந்த மெஷின்ல இனி ஒரு எழுத்தும் எழுதப்படாது. அழிச்ச சாமான் எங்கயும் போகல்ல. வாசல்ல தொங்கின பேர்ப்பலகையத்தான் கழட்டியிருக்கு. வேற ஆள் குடிவாரத்துக்கு முந்தி உள்ள போய்ப் புடிக்கோணும். பென் டிரைவ் ஒண்டால மெஷின எழுப்பி, ஸ்கால்பெல் ஓட விடுங்க."

"ஸ்கால்பெல்னா, டொக்டர்மாரு வயித்தக் கிழிக்கிற கத்தியா?"

"அந்தப் பேருதான் வச்சிருக்காங்க. டிஸ்க்கைக் கிழிச்சு, படம் மாதிரித் தெரியிறதை எல்லாம் வெட்டி வெளிய போடும். பேரு எல்லாம் போயிரும், முகம் வரும். வந்ததை வேற டிரைவ்ல சேமிங்க, விளங்கினதா?"

"எல்லாம் வருமா நானா?"

"மேல எதுவும் எழுதாம இருந்தா வரும். மாமியாருக்கு நீங்களே சொல்லிருங்க. கத்தி ஓடி முடிய நேரம் எடுக்கும், அதுவரைக்கும் ஒளிச்சு வைக்க ஏலாது."

ஒளித்து வைக்க அவளும் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கத்தியை ஓட விட்டு, திரையில் எண்கள் ஊரத் தொடங்கியதும், கரண்ட் போய்விட்டது என்று சொல்லலாமா, டிவி பழுது என்று சொல்லலாமா என்று வரிசையாக யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். புருஷனும் இல்லை. தயிர்ச் சட்டி வாங்கப் பசறைக்குப் போயிருந்தான்.

திரும்பிப் பார்த்தால் கையில் அகப்பையோடு மாமி நிற்கிறாள்.

"என்னத்துக்கு மொகம் வெளுத்துக் கெடக்கு?" சுற்றிலும் பார்த்தாள். மகன் இல்லை, கோழியும் இல்லை. "ஒன்னத்தான் கேக்குறேன்."

"மாமி, கல்யாணப் படத்தை நான் அழிச்சிட்டேன். தெரியாம."

"எந்தப் படத்தை?"

"எல்லாத்தையும்."

"தாலி கட்டுறதுமா?"

"அதுவும்தான் மாமி. திரும்ப எடுக்கிறதுக்கு ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கு. வரும்னு நானா சொல்றாரு. ஆனா சத்தியம் பண்ண முடியாது."

மாமி அகப்பையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். சத்தம் போட்டுக் கத்தியிருந்தால் நன்றாயிருக்கும் என்று யசோதினிக்குப் பட்டது. பின்பக்கம் அடுப்படியிலிருந்து மாமனார் நல்லையா, "கறிக்கு உப்பு யாரு பாக்குறது?" என்று குரல் கொடுத்தார்.

"நீங்களே பாருங்க!" என்று மாமி பதில் குரல் கொடுத்தாள். பலகைக் கதவைச் சாத்திவிட்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். "எப்படி அழிஞ்சுச்சு? சொல்லு."

யசோதினி மொட்டையனில் தொடங்கிக் குப்பாயி வரைக்கும் சொன்னாள். மாமி அகப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் பேர வைக்கச் சொன்னது நானு."

"நீங்க கண்ணு படக் கூடாதுன்னுதானே மாமி..."

"யாருக்கும் வேண்டாததா இருக்கட்டும்னுதான் அந்தப் பேரு. வேண்டாததுன்னு நீயே நம்பிட்டே. எமனை ஏமாத்தப் போயி வீட்டு மருமகளை ஏமாத்தியாச்சு." பெருமூச்சு விட்டாள். "சரி. நானும் நீயும் சேந்துதான் அழிச்சிருக்கோம். இப்ப ஓடுதே, அதுக்கு என்ன பேரு?"

"அறுவைக் கத்தி."

"கம்ப்யூட்டருக்குள்ள கத்தி எதுக்கு?"

"பேரு மட்டும்தான் மாமி அப்படி. இதுல எல்லாப் பேரும் இப்படித்தான் இருக்கும்."

"வேற என்ன பேரு?"

திரையில் எண் மெல்ல ஊர்ந்தது. வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க யசோதினிக்குப் பயமாக இருந்தது. பேசினாள்.

"பூனைன்னு ஒண்ணு இருக்கு. எழுதி வச்ச எதையாச்சும் குடுத்தா மொத்தத்தையும் திரையில கொட்டிரும்."

"தின்னதை நடு வீட்டுல கக்குற மாதிரி."

"அதே மாதிரி. அந்தப் பூனைங்கிற எழுத்தைத் தலைகீழாத் திருப்பிப் போட்டு இன்னொண்ணு வச்சிருக்காங்க. அது கடைசி வரியை முதல்ல சொல்லும்."

"ஒங்க மாமா ஊர்க்கதை சொல்ற மாதிரி. யாரு செத்தாங்கன்னு சொல்லிட்டு அப்புறம் யாருக்குக் காய்ச்சல்னு சொல்லுவாரு. வேற?"

"சந்தேகம் வந்தா 'மேன்'கிட்ட கேக்கணும். கையேடுங்கிறதோட சுருக்கம்தான், ஆனா படிக்கிறப்போ ஆம்பளைன்னுதான் வரும்."

"கேட்டா சொல்லுமா?"

"பக்கம் பக்கமாச் சொல்லும். கடைசியில ஒண்ணும் வெளங்காது."

"ஆம்பளையேதான்" என்றாள் மாமி.

யசோதினிக்குச் சிரிப்பு வந்தது. இந்த நேரத்தில் சிரிக்கலாமா என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மாமி சிரிக்கவில்லை. ஆனால் மூட்டைமேல் சாய்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"'ஆமா'ன்னு ஒண்ணு இருக்கு மாமி. தட்டி விட்டா ஆமா, ஆமா, ஆமான்னு சொல்லிக்கிட்டே இருக்கும். நாமளே நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் நிறுத்தாது."

"அதைத்தானே நான் பெத்து வச்சிருக்கேன். என்கிட்டயும் ஆமாம்பான், ஒன்கிட்டயும் ஆமாம்பான். இன்னொண்ணு சொல்லு."

"'நல்லவன்'னு ஒண்ணு. அதைப் போட்டா அந்த வேலை மத்த எல்லாருக்கும் வழி விட்டுட்டுக் கடைசியில நிக்கும்."

"மருமகளா வந்திருக்க வேண்டியது."

"மாமி!"

"சும்மா சொன்னேன். நீ சொல்லு."

"ஓடுற வேலை ஒவ்வொண்ணுக்கும் தாய் இருக்கும், பிள்ளை இருக்கும். தாய் செத்துட்டா பிள்ளையை அனாதைம்பாங்க. அதைப் பெரியவரு ஒருத்தரு தத்து எடுத்துக்குவாரு. இன்னொண்ணு இருக்கு, நடைப்பிணம். வேலை முடிஞ்சு செத்துப் போயிருக்கும், ஆனா அதோட பேரு மட்டும் வரிசையில அப்படியே நிக்கும்."

மாமி நிமிர்ந்தாள். "சம்பளச் செக்ரோல்ல பேரு இருக்கும், காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல கூப்பிட்டா ஆளு வரமாட்டான். அப்படித்தானே?"

"அதேதான் மாமி!"

"அதுக்கு என்னத்துக்குக் கொழும்புல ஒரு கம்பனி? நம்ம கீழ் டிவிசன்ல அப்படி எத்தனை பேரு இருந்தாங்க. செத்தவனுக்குத் தேயிலைத் தூளும் வந்துச்சு." இப்போது மாமியே சிரித்துவிட்டாள். அகப்பை மடியிலிருந்து கீழே விழுந்தது. "இதுல ரொம்பக் கேடுகெட்ட பேரு எது?"

யசோதினி யோசித்தாள்.

"பேருல இல்ல, வேலையில கேடுகெட்டது ஒண்ணு இருக்கு. 'பொய்'யின்னு பேரு. அது ஒண்ணுமே செய்யாது. கூப்பிட்டா வரும், தோத்துட்டேன்னு சொல்லும், போயிரும்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. தோக்கிறதுதான் அதோட வேலை. ஒரு நாளும் தவறாமத் தோக்கும்."

"அப்படி ஒண்ணைச் செய்ய ஒருத்தன் ஒக்காந்தானா? என்னத்துக்கு ஒதவும்?"

"ஒதவும் மாமி. யாரையாச்சும் உள்ள விடக் கூடாதுன்னா அவங்க வாசல்ல இதை நிறுத்தி வைப்போம். அவங்க சரியான சாவியோட வந்தாலும், கதவு திறந்த உடனே இது தோத்துட்டேன்னு சொல்லி வெளிய அனுப்பிரும்."

மாமி திரைப்பக்கம் திரும்பினாள். எண் ஊர்ந்துகொண்டிருந்தது.

"ஒங்க கல்யாணத்துக்கு முந்தி நான் அந்த வேலைதான் பாத்தேன்" என்றாள். "நீ சரியான சாவியோடதான் வந்தே."

யசோதினி குனிந்து அகப்பையை எடுத்துக் கொடுத்தாள். மாமி வாங்கிக்கொண்டாள். அந்த மட்டில் அது முடிந்தது. இதைப் போய் யார் நீட்டி முழக்குவார்கள்?

கத்தி ஓடி நின்றது.

"வந்துருச்சா?"

"பாக்கணும் மாமி."

யசோதினி வெளியே வந்தவற்றைத் திறந்தாள். பெயர் எதுவும் இல்லை, வெறும் இலக்கங்கள். முதலாவது, ஏதோ கம்பனிச் சின்னம். அடுத்தது ஒரு பொத்தான் படம். அடுத்தது எப்போதோ அவள் சுட்டுப் படம் எடுத்து வைத்த தேங்காய் ரொட்டி.

"ரொட்டி" என்றாள் மாமி, ஒரு உணர்ச்சியும் இல்லாமல்.

அடுத்தது பாதிக்குமேல் சாம்பல் நிறம். அடுத்தது ஒரு காது, கொஞ்சம் மல்லிகைப்பூ.

"மல்லிகைப்பூ மாமி! அது மதுஷாவோட கொண்டை!"

பிறகு மடை திறந்த மாதிரி வந்தது. மழையில் நனைந்த நாயனக்காரர், கடைக்குள் ஒதுங்கிய குடைகள், வாயைத் திறந்தபடி தூங்கும் பிள்ளைகள், மாப்பிள்ளையின் செருப்பைத் தேடுகிறவர்கள். தாலி. தாலிக்குப் பின்னால் கண்ணைத் துடைக்கிற நல்லையா. வரிசை எதுவும் இல்லை. முதலில் சாப்பாடு, பிறகு முகூர்த்தம், நடுவில் நலங்கு. ஆனால் எல்லாம் இருந்தது.

"மாரியம்மா" என்று மாமி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டாள். சாத்திய கதவைத் திறந்து, "உப்பு சரியா இருக்கான்னு நானே வந்து பாக்குறேன், நீங்க தொடாதீங்க!" என்று அடுப்படிக்குக் கத்தினாள். அந்தக் கத்தலில்தான் வீட்டுக்குள் காற்று வந்தது போல யசோதினிக்கு இருந்தது. மபாஸுக்கு, 'முகம் எல்லாம் வந்துருச்சு நானா' என்று எழுதினாள். 'இனி அந்தப் பேரை மாத்துங்க' என்று பதில் வந்தது.

"வேகமா வரிசைப்படுத்து" என்றாள் மாமி. "வேண்டாததை எடுத்துப் போடு."

"முந்தியே நல்லா இல்லாததை எல்லாம் கழிச்சிருந்தேன் மாமி. கத்தி அதையும் சேத்து வெட்டிக்கிட்டு வந்திருக்கு. இதோ பாருங்க, கண்ணு மூடினது, ஆடினது, முதுகு மட்டும் தெரியிறது..."

"நில்லு."

யசோதினியின் கை நின்றது.

"அதுக்கு முந்தினது."

கோயில் மண்டபத்தின் கடைசித் தூண். யாருடைய குடையோ பாதியை மறைத்திருந்தது. தூணுக்குப் பக்கத்தில் நீலச் சேலை கட்டிய ஒரு அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல், எட்டி மணவறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மங்கலான படம். யாரோ வழிப்போக்கர் என்று யசோதினி அன்றைக்கே கழித்திருந்தாள்.

"இது யாரு மாமி?"

"ஜெயா."

ஜெயலெட்சுமி, மாமியின் ஒரே தங்கச்சி. வெலிமடையில் மரக்கறி லொறிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். விஜேந்திரனுக்குத் தன் புருஷன் வழியில் ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தாள். விஜேந்திரன் யசோதினியைக் கட்டிக்கொண்டதும், "என் மொகத்துல கரியப் பூசிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனவள், வாசல் மிதிக்கவில்லை. மதுஷா கல்யாணத்துக்கு வெற்றிலை வைத்து அழைத்தும் பதில் வரவில்லை. அதனால்தான் யசோதினி அவளைப் பார்த்ததே இல்லை.

"வந்திருக்கா" என்றாள் மாமி. "வந்து, நின்னு, பாத்துட்டு, ஒரு வாய் சோறு திங்காமப் போயிருக்கா. திமிரு புடிச்சவ. ஒன்கிட்ட அவ நம்பர் இருக்கா?"

"இவருகிட்ட இருந்து எடுத்து வச்சிருக்கேன் மாமி."

"போடு."

"என்ன சொல்லப் போறீங்க?"

"போடு, பாப்போம்."

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மாமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள், ஆள் நேரில் வந்து நிற்பது போல.

"ஹலோ, யாரு?"

மாமி யசோதினியைப் பார்த்துச் சாடை காட்டினாள், நீ பேசு என்று. யசோதினி தலையை ஆட்டிவிட்டாள், மாட்டேன் என்று.

"யாருங்க? பேசுங்க, பஸ்ஸு சத்தத்துல கேக்கல."

"நீலச் சேலை ஒனக்கு எடுப்பாத்தான் இருக்கு" என்றாள் மாமி.

"அக்கா?"

"கோயிலுக்குச் செருப்போட வர்றது எந்த ஊருப் பழக்கம்?"

"ஓடிப் போக வசதியா இருக்கட்டும்னுதான் கழட்டல" என்றாள் ஜெயலெட்சுமி. வாய் குறையவில்லை. "சோத்துக்கு ஒக்காருன்னு சொல்ல ஒரு நாதியில்ல அங்க. எல்லாம் மழைக்குப் பயந்து ஓடிக்கிட்டிருந்துச்சுங்க."

"இப்ப சொல்றேன். மறுவீட்டுச் சோறு ஆகிக்கிட்டிருக்கு. வா."

"ஒன் மருமக என்ன சொல்லுவா?"

"அவதான்டி ஒன்னயக் கண்டுபுடிச்சா. கத்தியப் போட்டு."

"என்ன கத்தி?"

"அது பெரிய கதை, வந்து கேளு. வர்றியா இல்லியா?"

"வர்றேன். வர்றேன்க்கா." பஸ் ஏதோ வளைவில் திரும்பிய இரைச்சல் வந்தது. "ஆனா நான் தனியா வரமாட்டேன். கூட ஆள் இருக்கு. பாத்தா நீ கத்தப்படாது."

"யாரோடடி?"

"கத்தமாட்டேன்னு சொல்லு முதல்ல."

"யாருடி கூட? ஜெயா! ஹலோ!"

மலைப்பாதையில் எங்கேயோ சிக்னல் அறுந்துவிட்டது. யசோதினி மறுபடியும் போட்டாள். போகவில்லை. மறுபடியும் போட்டாள்.

மாமி போனைப் பார்த்தாள், பிறகு மருமகளைப் பார்த்தாள். முகத்தில் கோபமும் சந்தோஷமும் எது முதலில் என்று தெரியாமல் நின்றன.

"போயி இன்னும் கொஞ்சம் அரிசி போடு."

"எத்தனை பேருக்கு மாமி?"

"அதைச் சொல்லாமத்தானே அறுந்து போச்சு!" என்று சொல்லிக்கொண்டே, உட்கார்ந்திருந்த மூட்டையின் கட்டைத் தானே அவிழ்க்கத் தொடங்கினாள் மாமி.